அப்பாவோடு போன சாவி

நினைவு மலரில் மறைந்தவரைப் பற்றி நல்லதாக எழுத வேண்டும். இருக்கிறவர்களைப் பற்றி அதைவிட நல்லதாக எழுத வேண்டும். இது யாரும் சொல்லித் தராத விதி. முதலாவதில் எனக்கு ஒரு சிரமமும் இல்லை. இரண்டாவதற்கு முயன்று சில தாள்களைக் கிழித்துப் போட்டேன். அப்பா மறைந்து ஓராண்டு ஆகிவிட்டது. இன்னும் அந்த நாளை நினைத்தால் எனக்கு அழுகைக்கு முன்னால் குமட்டல்தான் வருகிறது. ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அப்பா வத்தேகமவுக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடொன்றில், பிறந்தார். மலையில் வேலை செய்யப் பிடிக்காமல் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டு, கண்டியில் ஒரு முதலாளியின் வேனைக் கழுவப் போய், பிறகு அதையே ஓட்டினார். அந்த வேனின் சாவி தேய்ந்து வழவழவென்று இருக்குமாம். பூட்டுக்குள் சின்னச் சின்னப் பித்தளைத் தகடுகள் இருக்கின்றன. சாவியின் பற்கள் அவற்றை ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்தால்தான் உருளை திரும்பும். சாவியும் தேய்ந்து தகடுகளும் தேய்ந்துவிட்டால் அலுமாரிச் சாவிக்கும் வண்டி கிளம்பும். அப்படித்தான் யாரோ ஒருவன் கிளப்பிக்கொண்டு போய், எண்ணெய் தீர்ந்த இடத்தில் விட்டுவிட்டுப் போனான். பழி அப்பா மேல் விழுந்து வேலை போனது.

பட்டினி கிடந்து சொந்தமாக வாங்கிய முதல் வேன் கலவரத்தில் எரிந்தது. அன்று அதன் சாவி அப்பாவின் சட்டைப்பையில் பத்திரமாக இருந்தது. "கொளுத்துறவனுக்குச் சாவி எதுக்கு?" என்று ஒரே ஒரு தடவை சொன்னார். அதற்குப் பிறகு அதைப் பற்றி வீட்டில் பேசியதில்லை.

மறுபடியும் அடுத்தவர் வண்டிகளை ஓட்டி, திகன, தெல்தெனிய, பேராதனை என்று வாடகைக்கு ஹயர் போய் என்னை ஆசிரியையாக ஆக்கினார். பிரசவத்துக்குப் போகிறவர்களிடம் அப்பா கூலி பேசியதே இல்லை. குடிக்க மாட்டார். கோபம் வந்தால் வண்டிக்குள் போய் உட்கார்ந்துகொள்வார். அவருக்குப் பிடிக்காதது ஒன்றே ஒன்று, சாவியால் காது குடைவது. அவருடைய ஒரே தம்பியான சித்தப்பா எங்கள் வீட்டுக்கு வந்தால் முதலில் அதைத்தான் செய்வார். குடைந்து, வெளியே எடுத்துப் பார்த்து, வேட்டியில் துடைத்துவிட்டு மேசையில் வைப்பார். அப்பா அதை ஒரு தாளால் பிடித்துத் தூக்கிப் போய்ச் சவர்க்காரம் போட்டுக் கழுவுவார். தம்பியை ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்.

அப்பா அடுத்துச் சொந்தமாக வாங்கிய வேனின் சாவி கறுப்புத் தலை வைத்தது. அப்பா குளித்துக்கொண்டிருந்த நேரத்தில் சித்தப்பா அதை எடுத்துப்போய்க் கண்டியில் மாற்றுச் சாவி வெட்டி வைத்துக்கொண்டார். ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் வண்டியை எடுக்கப் பார்த்தார். கதவு திறந்தது, சாவியும் திரும்பியது, எஞ்சின் ஒரு தடவை உறுமி அடங்கிவிட்டது. அந்தக் கறுப்புத் தலைக்குள் ஒரு சிப் இருக்கிறது. சாவித் துளையைச் சுற்றியுள்ள கம்பிச்சுருள் அதனிடம் எண்ணைக் கேட்கும். சரியான எண் வராவிட்டால் பற்கள் எவ்வளவு சரியாக இருந்தாலும் வண்டி ஓடாது. சித்தப்பா எங்கள் முன்னால் நின்று, "சாவி வெட்டுனவன் ஏமாத்திட்டான்" என்றார். திருடப் பார்த்ததற்கு வெட்கப்படவில்லை, திருட்டு பலிக்கவில்லையே என்றுதான் வருத்தப்பட்டார்.

கடைசியாக அப்பா வாங்கியது ஜப்பானில் ஓடிய ரீகண்டிஷன் வேன். அதற்குப் பல் வைத்த சாவியைத் துளையில் போடுகிற வேலையே இல்லை. தீப்பெட்டி அளவில் ஒரு ஸ்மார்ட் கீ. அது பையில் இருந்தாலே போதும். பக்கத்தில் வந்து கைப்பிடியைத் தொட்டால் வண்டி, 'வந்திருப்பது யார்?' என்று அலை வழியாகக் கேட்கும், சாவி பதில் சொல்லும், கதவு திறக்கும். சாவி வண்டிக்குள்ளே இருக்கும்போது பொத்தானை அழுத்தினால் எஞ்சின் கிளம்பும். கிளம்பிய பிறகு சாவி வெளியே போனால் வண்டி கீச்கீச்சென்று எச்சரிக்குமே தவிர நிற்காது. ஆனால் நிறுத்திவிட்டால், சாவி திரும்பி வராமல் மறுபடி கிளம்பாது. இத்தனையும் அப்பா எனக்கும் அம்மாவுக்கும் சொல்லித் தந்தவை. ரீகண்டிஷன் வண்டி என்பதால் அந்த ஒரு சாவிதான் வந்தது.

அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். காப்பாற்ற முடியவில்லை. தாதி துணியால் முகத்தை மூடுவதற்கு முன்னால் சித்தப்பா என் தோளைத் தொட்டார். ஆறுதல் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

"வேன் சாவி யாருகிட்ட இருக்கு?" என்றார்.

அது என் கைப்பையில்தான் இருந்தது.

"ஆம்பளப் புள்ள இல்லாத வீடு. வண்டி சும்மா நின்னா பெட்டரி எறங்கிரும். நான் பாத்துக்கிறேன்."

என்னிடமிருந்த சாவியை அம்மாவின் கையில் கொடுத்துவிட்டு வெளியே போய் வாந்தி எடுத்தேன்.

அப்பாவைக் கூடத்தில் கிடத்தியிருந்தபோது நடந்ததை இங்கே முழுதாக எழுதக் கூசுகிறது. ஒப்பாரி வைத்தவர்கள் மூச்சு வாங்குகிற இடைவெளியில் வேன் யாருக்கு என்று பேசினார்கள். தேத்தண்ணீர்க் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு டயரை உதைத்துப் பார்த்தார்கள். சித்தப்பா எங்கள் அலுமாரியைத் திறந்து என் உடுப்புகளுக்கு நடுவே கைவிட்டுத் தேடினார். "அண்ணனோட அடையாள அட்டையத் தேடுறேன்" என்றார். அது அப்பாவின் தலைமாட்டிலேயே எல்லாரும் பார்க்க இருந்தது.

ஓட்டுநராக இருந்த ஒருவரை அவர் ஓட்டிய வண்டியிலேயே கடைசியாகக் கொண்டுபோவது எங்கள் பக்கத்து ஹயர்காரர்களின் வழக்கம். பெட்டியைத் தூக்கி வேனின் பின்பக்கம் கொண்டு வந்தார்கள். யாரோ கைப்பிடியைத் தொட, பூட்டியிருந்த கதவு திறந்துகொண்டது. பெட்டியை உள்ளே வைத்ததும் சித்தப்பா ஓட்டுநர் ஆசனத்தில் ஏறிப் பொத்தானை அழுத்தினார். எஞ்சின் கிளம்பியது.

"பாத்தீங்களா? சாவிய உள்ளயே போட்டு வச்சிக்கிட்டுத்தான் எல்லாரும் ஒன்னும் தெரியாத மாதிரி நின்னாங்க" என்று ஊருக்கே கேட்கச் சொன்னார்.

அம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

இடுகாட்டில் பெட்டியை இறக்கியதும் வேன் கீச்கீச்சென்று கத்தத் தொடங்கியது. சித்தப்பா எல்லாக் கதவுகளையும் படார் படாரென்று அடித்துச் சாத்தினார். சத்தம் நிற்காததால் எஞ்சினை நிறுத்தினார். ஆண்பிள்ளை இல்லாததால் முதல் பிடி மண்ணை நான்தான் போட்டேன். அதற்கும் சிலர் முகத்தைச் சுளித்தார்கள்.

எல்லாம் முடிந்து திரும்பும்போது வேன் கிளம்பவில்லை. ஆசனங்களைத் தூக்கி, விரிப்பைக் கிழித்து, மாலையிலிருந்து உதிர்ந்த பூக்களையெல்லாம் காலால் தள்ளித் தேடினார்கள். எனக்கு அப்போதுதான் விளங்கியது. அப்பாவின் சட்டைப்பை என் கண்முன்னால் வந்தது. வாய் தவறி, "அப்பாகிட்ட இருக்கு" என்று சொல்லிவிட்டேன்.

சித்தப்பா ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. குழி வெட்டியவரைப் பார்த்து, "இப்பத்தானே மூடினோம், மண்ணு எளகித்தான் கெடக்கு. தோண்டுப்பா, சின்ன வேலதான்" என்றார். கூட நின்றவர்களில் ஒருவர், "சாமான் விலை கூடின சாமான். தப்பில்ல" என்றார். அண்ணனின் மேல் போட்ட மண் இன்னும் சித்தப்பாவின் விரல் இடுக்கில் இருந்தது. இந்தக் கைகளையா அப்பா சின்ன வயதில் தோட்டத்துப் பாதையில் பிடித்து நடத்திக் கூட்டிப்போனார் என்று எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

நான் போய் அந்த மண்மேட்டின் மேல் உட்கார்ந்தேன்.

"எந்திரி புள்ள. பொம்பளைங்கள இதுக்குத்தான் கூட்டிக்கிட்டு வர்றதில்ல."

"என்னையும் சேத்துத் தோண்டுங்க, சித்தப்பா."

குழி வெட்டியவர் மம்பட்டியைத் தோளில் போட்டுக்கொண்டார். "பொதைக்கத்தான் நம்மள கூப்புட்டாங்க. எடுக்குறதுக்கு வேற ஆளப் பாருங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

வீட்டுக்கு வந்து, குளிக்காமலே, சித்தப்பா வாசலில் நின்று கத்தினார்: "அண்ணி! சாவி அண்ணன் சட்டப்பையில போயிருச்சு! எவனோ மடையன் பாக்காம வுட்டுட்டான்!"

அழுதழுது அம்மாவுக்குத் தொண்டை கட்டிப்போயிருந்தது. ஆனாலும் அவர் சொன்னது எல்லாருக்கும் கேட்டது.

"யாரும் பாக்காம வுடல. நான்தான் வச்சேன். அவரு மொகத்த மூடக்கூட பொறுக்காம கேட்டீங்களே, நான் யாருக்குன்னு குடுக்கிறது? அவரு சாமான அவருகிட்டயே குடுத்துட்டேன். வேணும்னா அவருகிட்டயே கேட்டு வாங்கிக்கங்க."

சித்தப்பா அன்றே போனவர்தான். எட்டாம் நாள் சடங்குக்கும் வரவில்லை, கருமாதிக்கும் வரவில்லை.

அடக்கம் செய்த மறுநாள் அப்பாவின் முஸ்லிம் நண்பர், வண்டிச் சாவி பதிகிற அலவத்துகொட நானா, இடுகாட்டிலேயே நின்ற வேனைக் கிளப்பக் கணினியோடு வந்தார். தோண்டச் சொன்னதைக் கேட்டு, "அஸ்தஃபிருல்லாஹ்! அடக்கின மையத்தயா?" என்று காதைப் பொத்திக்கொண்டார். புதுச் சாவியை வண்டியில் பதிவதென்றால் பழையதை அழித்துவிட வேண்டும், அது இனி எந்தக் கதவையும் திறக்காது, சம்மதமா என்று அம்மாவிடம் கேட்டார். "அவருக்கு இனி எதுக்குக் கதவு? அழிச்சிருங்க தம்பி" என்றார் அம்மா.

அப்பாவை இறுதிவரை கவனித்த வைத்தியருக்கும் தாதிமாருக்கும், பந்தல் போட்டு வெள்ளைக்கொடி கட்டிய அயலவர்களுக்கும், கூலி வாங்க மறுத்த நானாவுக்கும், மம்பட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு போன அந்த மனிதருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. வேறு யாருக்கும் நன்றி சொல்ல எனக்கு மனமில்லை.

இம்மலரின் பிரதிகளைத் தூரத்து உறவினர்களுக்குத் தபாலில் அனுப்புகிறோம். சித்தப்பாவின் பிரதியை மட்டும் அம்மா நேரில் கொண்டுபோய்க் கொடுப்பார். வேனை நான் ஓட்டுவேன்.