இறைச்சிக் கடையில் ஏன் குடை விரித்தேன்?

போன ஞாயிற்றுக்கிழமை காலை கண்டி மார்க்கெட்டுக்குள் ஓர் ஆள் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு நடந்ததை உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள். வெளியில் மழையில்லை. வெயிலும் இல்லை. மார்க்கெட்டுக்குக் கூரை வேறு இருக்கிறது.

அந்த ஆள் நான்தான்.

குடை எதற்கு? முகத்தை மறைக்க. யாரிடமிருந்து? நாலு வருஷமாக எனக்கு இறைச்சி வெட்டித் தந்த காசிம் நானாவிடமிருந்து.

அதற்குக் காரணம், வாராவாரம் இந்தப் பத்திரிகையில் நான் எழுதுகிற இந்தப் பத்திதான். ஐந்து வாரத்துக்கு முன் இதே இடத்தில் ஆட்டிறைச்சி விலையைப் பற்றி எழுதினேனே, ஞாபகம் இருக்கிறதா? 'மார்க்கெட்டில் ராத்தலுக்கு நாலு சதம் கூட்டிவிட்டார்கள். இது வியாபாரமா, கொள்ளையா? ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு புதுக் கடை வந்திருக்கிறது. ரயிலில் வந்து இறங்கிய ஆடு அன்றே இறைச்சியாகிறது. விலையும் குறைவு. அங்கே போங்கள்...' என்று எழுதியிருந்தேன். யார் பெயரையும் போடவில்லை. பெயர் போடாமல் திட்டுவதுதான் நாகரிகம் என்று எனக்கு ஒரு நினைப்பு.

பத்தி நன்றாக எடுபட்டது. கலஹாவிலிருந்து ஒரு கங்காணி ஆள் அனுப்பிப் பாராட்டினார். இரண்டு நாள் தரையில் கால் பாவாமல் திரிந்தேன்.

எழுதியபடி நானும் நடந்தேன். காப்பிக் கிட்டங்கிக் கிளாக்கரான எனக்கு எப்படியும் ஸ்டேஷனில்தான் பாதி நாள் போகிறது. கொழும்புக்குப் போகிற காப்பி மூட்டைகளை ஏற்றிவிட வேண்டும். தோட்டங்களுக்கு வருகிற அரிசி மூட்டைகளைக் கையெழுத்துப் போட்டு எடுக்க வேண்டும். திரும்புகிற வழியில் புதுக் கடை. வசதிதானே?

இறைச்சி எப்படி என்கிறீர்களா? கொஞ்சம் இழுவை. கமலம் — என் மனைவி — அதை அரை நாள் அடுப்பில் வைத்திருந்துவிட்டுக் கேட்டாள்:

"இது ஆடுதானா... இல்ல, ஆட்டக் கட்டியிருந்த கயிறா?"

"நாலு சதம் மிச்சம்" என்றேன்.

"வெறகு எவ்வளவு எரிஞ்சிச்சுன்னும் பாருங்க" என்றாள்.

பார்க்கவில்லை. எழுதியவன் எப்படிப் பார்ப்பான்?

அப்புறம்தான் கமலத்துக்குக் காய்ச்சல் வந்தது. பதினெட்டு நாள். இந்த மலையில் காய்ச்சல் என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் தெருவிலேயே இரண்டு வீட்டில் ஆளைக் கொண்டுபோய்விட்டது. பயந்துபோனேன். எந்தெந்தச் சாமிக்கு என்னென்ன நேர்ந்துகொண்டேன் என்று எழுதினால் இந்தப் பக்கம் போதாது.

ஒருவழியாகக் காய்ச்சல் விட்டது. ஆனால் உடம்பில் தெம்பு திரும்பவில்லை. கஞ்சி இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆஸ்பத்திரி அப்போதிக்கரி வந்து நாடி பார்த்துவிட்டு என்னைத் தனியே கூப்பிட்டார்.

"மருந்து வேலை முடிஞ்சுது. இனிச் சாப்பாடுதான். சாப்பிடாம இருக்கையில காய்ச்சல் திரும்பி வந்தா, அவங்க உடம்பு தாங்காது."

கமலத்திடம் கேட்டேன். "எதுன்னா வாய்க்குப் பிடிக்கும்? சொல்லு."

என் பக்கம் திரும்பினாள். "ஆட்டீரல்... மெளகு போட்டுப் பெரட்டினா ரெண்டு வாய் சாப்புடுவேன்னு நெனைக்கிறேன்."

இது ஒரு பெரிய விஷயமா? ஸ்டேஷன் கடைக்கு ஓடினேன். ஈரல் கிடைத்தது. நிறம்தான் வெளுத்து, அங்கங்கே புள்ளி விழுந்து, தொட்டால் கையோடு வந்தது. எங்களுக்குச் சமைத்துத் தந்துகொண்டிருந்த பக்கத்து வீட்டு அக்கா அதைக் கழுவி, முகர்ந்து, ஓரமாக வைத்துவிட்டார். "தம்பி, இத நோயாளிக்குக் குடுக்க ஏலாது."

அடுத்து சீமைச் சாமான் கடை. துரைமார் வாங்குகிற இடம். உள்ளே போக எனக்கே கொஞ்சம் கூச்சம். அலுமாரி முழுக்க டின். டின்னில் மீன், டின்னில் பால், டின்னில் இறைச்சி. நோயாளிகளுக்கென்றே ஆட்டிறைச்சிச் சாறும் டின்னில் வருகிறதாம், சீமையிலிருந்தே கப்பலில். லேபிளில் கொழுகொழுவென்று ஒரு செம்மறியாடு. விலையைச் சொல்ல மாட்டேன். கமலமும் இந்தப் பத்தியைப் படிக்கிறாள்; மறுபடி ஏன் ஞாபகப்படுத்த வேண்டும்?

கத்தியால் திறந்து, கட்டைவிரலையும் கிழித்துக்கொண்டேன். உள்ளே வண்டிச் சக்கரத்துக்குப் போடுகிற மசகு மாதிரி ஒன்று. வெந்நீரில் கரைத்துக் கொடுத்தேன். கமலம் முகர்ந்து பார்த்தாள்.

"இது எப்பச் செத்த ஆடு?"

லேபிளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அதை மட்டும் போடவில்லை.

கடைசியில்தான் ஞாயிற்றுக்கிழமை மார்க்கெட், குடை எல்லாம். மற்ற நாலு கடையில் ஈரல் வாங்கிக்கொண்டு, காசிம் நானாவின் கண்ணில் படாமல் திரும்புவதாகத் திட்டம். நாலு கடையிலும் ஒரே பதில்: "முடிஞ்சுது." ஈரலை அப்படி வருகிறவன் போகிறவனுக்கு விற்பதில்லை. ஒரு ஆட்டுக்கு ஒரு ஈரல்தான். அது வாடிக்கைக்காரருக்கு. நான் இப்போது யாருக்கு வாடிக்கை?

நானாவின் கடையை ஓரமாகத் தாண்டப் பார்த்தேன்.

"கிளாக்கரய்யா, கொடைய மடக்குங்க. தொங்குற தொடையில குத்துது."

மடக்கினேன். நானா முகத்தைப் பார்க்காமலே வெட்டிக்கொண்டிருந்தார். "நீங்க எழுதினதப் பள்ளிவாசல் லெப்பை வாசிச்சுக் காட்டினாரு. ரெண்டு தரம். நல்லாத்தான் எழுதுறீங்க."

"அது பொதுவா எழுதினது, நானா..."

"கொள்ளைன்னு போட்டிருந்தீங்களாம். இருக்கட்டும். ஏன் வெல கூடினிச்சுன்னு ஒரு வார்த்த கேட்டீங்களா? நாலு வருசமா இந்தக் கட்டைக்கு முன்னால நிக்கிறீங்களே."

கேட்கவில்லை. அதுதான் உண்மை.

அவரே சொன்னார். ஆடு அக்கரையிலிருந்து, இந்தியாவிலிருந்து, கப்பலில் கொழும்புக்கு வருகிறது. இப்போது கூட்ஸ் வண்டியில் அரிசிக்குத்தான் முதல் இடம். ஆடுகள் நாலைந்து நாள் அங்கே பட்டினியாகக் காத்துக் கிடக்கின்றன. இங்கே இறக்கும்போது கால் நடுங்குகிறது. "அன்னைக்கே அறுத்தா அது எறைச்சியா? ஈரல்தான் மொதல்ல கெடும். நான் அம்பிட்டியவில பத்து நாள் மேயவிட்டு, கண்ணுல தெளிவு வந்த பொறகுதான் அறுக்கிறேன். மேய்க்கிறவருக்குக் கூலி வேணும். மேய்ச்சல் தரைக்காரருக்கும் குடுக்கணும். அதுதான் அந்த நாலு சதம்."

ஆட்டை முந்திக்கொண்டு வருகிற அந்த அரிசி மூட்டைகளுக்கு ஸ்டேஷனில் கையெழுத்துப் போடுகிறவர் யார்? சாட்சாத் நான்தான்! யோசித்துப் பாருங்கள். நம்மைச் சுற்றி இத்தனை மலை. அத்தனையிலும் காப்பி. கடித்துத் தின்ன முடியுமா அதை? அரிசி கப்பலில், மிளகாய் கப்பலில், கருவாடு கப்பலில், ஆடும் கப்பலில். கடல் தாண்டி வருகிற ஒன்றுக்கு மார்க்கெட் கட்டையடியில் நின்றுகொண்டு விலை நியாயம் பேசியிருக்கிறேன்.

"வீட்டில தங்கச்சிக்குச் சொகமில்லன்னு கேள்விப்பட்டேன்" என்றார் நானா.

சொன்னேன். அப்போதிக்கரி சொன்னதையும் சொன்னேன்.

உள்ளே கொக்கியில் ஒரு ஈரல் தொங்கியது. நல்ல கருஞ்சிவப்பு. என் கண் அங்கே போனதைப் பார்த்து, கூடையோடு நின்ற பங்களா சமையல்காரர் முந்திக்கொண்டார். "அது எங்க தொரைக்கு. நேத்தே சொல்லி வச்சது."

"ஆமா" என்றார் நானா. "இன்னைக்கு ரெண்டு ஆடு. ஒரு ஈரல் விடியவே போயிட்டுது. இது இவருக்குச் சொன்னது."

நேற்றே சொல்லி வைக்கிற இடத்தில் நான் இருந்தவன். நாலு சதத்துக்கு நானே அதை விட்டுவிட்டேன். "சரி நானா" என்று திரும்பினேன்.

"கொஞ்சம் நில்லுங்க." நானா சமையல்காரரைப் பார்த்தார். "தொர பங்களாவில டின் இருக்கா?"

"அலுமாரி நெறைய இருக்கு."

"அப்ப தொரைக்கு டின் இருக்கு. எங்க தங்கச்சிக்கு என்ன இருக்கு?"

சமையல்காரர் முணுமுணுத்தார். நானா நாலு சிறுநீரகத்தை அவர் கூடையில் போட்டதும் அடங்கினார். ஈரல் வாழையிலையில் சுற்றி என் கைக்கு வந்தது. கூடவே நாலு ஆட்டுக்கால். "சூப்பு வச்சுக் குடுங்க."

"மன்னிச்சுக்கங்க நானா. இனிமே உங்களப் பத்தி எழுதவே மாட்டேன்."

நானா கத்தியைக் கீழே வைத்தார். அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தார்.

"யாரு எழுத வேணாம்ன்னது? எழுதுங்க. ஆனா பேரப் போட்டு எழுதுங்க. நீங்க பேரில்லாம எழுதினதில அஞ்சு கடைக்காரர் பொழப்பும் படுத்துட்டுது. என் பேரப் போட்டிருந்தா எனக்கு மட்டும்தான் வலிச்சிருக்கும்."

வீட்டில் அக்கா மிளகு தூக்கலாகப் போட்டுப் பிரட்டினார். வாசனை வந்ததும் கமலம் தானாகவே எழுந்து உட்கார்ந்தாள். இரண்டு வாய் என்றவள் கிண்ணத்தை வழித்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் சோறு வைங்க" என்றாள். நான் குசினிக்குள் போய் அடுப்புப் பக்கம் நின்று அழுதேன். சொல்ல எனக்கு வெட்கமில்லை.

புதன்கிழமை அவளே அடுப்படியில் நின்றாள். அந்த டின்னைக் கண்டுபிடித்து, விலையையும் விசாரித்து, ஒரு மணி நேரம் என்னைத் திட்டினாள். அவ்வளவு தெம்பு. கேட்டுக்கொண்டிருக்க எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா?

ஆகவே, இதோ பெயர். காசிம் நானா. கண்டி மார்க்கெட், மூலையிலிருந்து மூன்றாவது கடை. விலை நாலு சதம் கூடத்தான். தாராளமாகப் போங்கள். தொடை கேளுங்கள், நெஞ்சு கேளுங்கள், கால் கேளுங்கள்...

ஈரல் மட்டும் கேட்காதீர்கள்.