வலப்பக்கம் காய்ந்த புல்

விடிய சுபஹுத் தொழுகை முடிந்து வேலைக்குப் போனால், நனைந்த மணலின் வாசம்தான் முதலில் வரும்... பிறகுதான் கிணற்றுத் துலாவின் கிறீச்சிடும் சத்தம்.

ஆயிரத்துத் தொளாயிரத்து ஐம்பதுகளின் நடுப்பகுதி. கல்முனைக் கடற்கரைப் பக்கம் ஓர் அதிகாரியின் பங்களாவில் எனக்குப் புல்லுக்குத் தண்ணீர் ஊற்றும் வேலை. கலியாணம் முடித்து, எங்கள் ஊர் வழக்கப்படி பெண் வீட்டில் போய் இருந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. அந்த வேலை இருந்ததால்தான் அங்கே தலை நிமிர்ந்து இருக்க முடிந்தது.

எனக்கு மேலே ஓர் ஓவசியர். சம்மாந்துறைக்காரர், வயல்காரர். பின்னேரம் பங்களாத் துரை வெளியே கதிரை போட்டு உட்கார்ந்திருக்கும்போது புல் மினுங்க வேண்டும். அதனால் நாளும் அசர் தொழுகைக்குப் பிறகு, பூவாளியால் மேலோட்டமாகத் தெளிக்கச் சொல்லுவார்.

நான் ஒருநாள் குடைக்கம்பியை மண்ணில் குத்திப் பார்த்தேன். விரல் கணு அளவுதான் ஈரம். அதற்குக் கீழே சுட்ட மணல். வேரெல்லாம் மேலேயே படர்ந்து கிடந்தது.

ஓவசியரிடம் அண்ணன் முறை வைத்துச் சொன்னேன்: "காக்கா, இது மணல். நாளும் கொஞ்சம் கொஞ்சமா ஊத்தினா வேர் கீழ போகாது. மூணாம் நாளைக்கு ஒருக்கா, விடிய, ஒரு சாண் இறங்குற மாதிரி ஊத்துவமா?"

"நான் முப்பது வருஷமா வயல் வட்டையில தண்ணி கட்டுறன். தோணி தள்ளுற ஊரான் எனக்குத் தண்ணி படிப்பிக்கப் போறியா?"

அவருக்குத் தெரிந்தது வயல் களிமண். மேலே ஈரமென்றால் கீழே சேறு. மணல் அப்படியில்லை என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. சொன்ன என் பேச்சையும் அவர் கேட்கவில்லை.

ஆடி மாதம் போல அவர் வயலில் வெள்ளாமை வெட்ட ஊருக்குப் போனார். ஒரு மாதம் வரவில்லை.

நடுவில் நடைபாதை. வலப்பக்கத்துக்கு அவர் சொன்னபடி நாளும் இருபது பூவாளி. இடப்பக்கத்துக்கு மூன்றாம் நாள் விடிய அறுபது, ஊறவிட்டு ஊறவிட்டு. இரண்டு பக்கத்துக்கும் ஒரே அளவு தண்ணீர். மிதித்த புல் நிமிராமல் கிடந்தால் தாகம் என்று அந்த மாதத்தில்தான் கண்டுபிடித்தேன். யாரும் சொல்லித் தரவில்லை.

ஈரத்தை உறிஞ்சும் கச்சான் காற்று அடித்தது. வலப்பக்கம் வைக்கோல். இடப்பக்கம் பச்சை.

சந்தோஷத்தோடு காத்திருந்தேன்... ஓவசியர் வந்தால் கண்ணால் காண்பார் என்று.

வந்தார், கண்டார், துரையைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

"பாருங்க சேர். நான் இல்லாத நேரம் இவன் ஒரு பக்கத்துக்குத்தான் தண்ணி ஊத்தியிருக்கான். வேலைக்கள்ளன்."

"இல்ல சேர், ரெண்டு பக்கத்துக்கும்..."

"வாயப் பொத்து!" என்று ஓவசியர் அதட்டினார்.

துரை பச்சையைப் பார்த்தார், காய்ந்ததைப் பார்த்தார். இது எப்படி என்று ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

"நாளைக்கி வர வேணாம்" என்றார் ஓவசியர்.

எனக்கு முன்னால் அந்தக் கதை வீட்டுக்குப் போய்விட்டது. மாமி சோற்றை வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல் என் மனைவியிடம் சொன்னார்: "புல்லுக்குத் தண்ணி ஊத்தவும் சோம்பலாம் புள்ள."

வேறு வேலைகள் கிடைத்தன. அந்தப் பெயர் மட்டும் போகவில்லை.

இப்போது மகளின் வீட்டில் இருக்கிறேன். மருமகன் எங்கிருந்தோ லொறியில் புல் கொண்டுவந்து முற்றத்தில் பதித்திருக்கிறார். நாளும் பின்னேரம் ஐந்து நிமிடம் பைப் பிடித்தார். எத்தனை தரம் சொன்னேன்... "ஓம் மாமா, ஓம் மாமா" என்பார், பைப்பைப் பிடிப்பார்.

போன வெள்ளிக்கிழமை போனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்.

"மாமா, இஞ்ச பாருங்க! ஆழமா ஊத்தணுமாம், நாளும் ஊத்தக் கூடாதாம். கிழமைக்கு, ஏழு நாளைக்கு ஒருக்கா போதுமாம். வெள்ளக்காரன் சொல்றான்."

"அது அவன்ட மண்ணுக்கு மகன். இது மணல். மூணாம் நாள்."

"போனை விட உங்களுக்குத் தெரியுமா மாமா?" என்று சிரித்தார். பைப்பைச் சுருட்டி ஆணியில் மாட்டினார், அடுத்த வெள்ளிக்கிழமை வரைக்கும்.

மூன்றாம் நாள்தான். நான் மாற்றிச் சொல்லப் போவதில்லை. ஆனால் அன்றைக்கு மறுபடி சொல்லத் தெம்பில்லை... உள்ளே போய்ப் படுத்துவிட்டேன்.