தங்கையின் இடது பெடலுக்கு ஓர் அன்பளிப்பு

எங்களுக்குத் தேவைப்பட்டது ஓர் இரும்புத் துண்டு. நடுவிரல் நீளம், இரண்டு விரல் அகலம். பின்பக்கத்தில் சைக்கிள் கிராங்கை, அதாவது பெடலைத் தாங்கும் தண்டை, அணைத்துப் பிடிக்க ஒரு பள்ளம். முன்பக்கத்தில் இரண்டு ஓட்டைகள்: ஒன்றின் வழியாக அது கிராங்கின் நுனியில் பூட்டப்படும், மற்றதில் பெடல் ஏறும். இப்படிப் பூட்டினால் பெடல் நுனியை விட்டு அச்சுக்குக் கிட்டவாக வந்துவிடும். கால் சிறிய வட்டத்தில் சுற்றும். முழங்காலை அதிகம் மடக்கத் தேவையில்லை. இடது காலுக்கு மட்டும் போதும். ஆகவே ஒன்று.

மடங்காத முழங்கால் என் தங்கையுடையது. அவள் கண்டாவளைப் பக்கத்தில் ஒரு கூட்டுறவுச் சங்கக்கடைக்கு முகாமையாளர். ஒருநாள் பரந்தனில் அவள் பஸ்ஸால் இறங்கி முடிப்பதற்குள் பஸ் தன் அலுவலைப் பார்த்துக்கொண்டு புறப்பட்டுவிட்டது. முழங்கால் சில்லு உடைந்தது. சத்திரசிகிச்சைக்குப் பிறகு கால் செங்கோணம் வரை மடங்கும், அதற்கு மேல் மறுத்துவிடும். வைத்தியசாலையில் அவளுக்குப் பயிற்சி கொடுத்த பெண்தான் இந்தத் துண்டைப் பற்றிச் சொன்னவர். வெளிநாடுகளில் இது கடையில் கிடைக்குமாம்.

அந்தத் துண்டு கைக்கு வரும்வரை அவளை மோட்டார் சைக்கிளில் ஏற்றிச் செல்வது என் பொறுப்பு. பத்திரிகையில் இரவுப் பணி பார்த்துப் பழகியவனுக்குக் காலை என்பது உறுதிப்படுத்தப்படாத தகவல். சங்கக்கடை நாள்தோறும் பிந்தித் திறந்தது. கோதுமை மா வாங்க வந்தவர்கள் வாசலில் குந்தியிருந்து எங்களை வரவேற்றார்கள்.

"மனேச்சர் அம்மா வாறா, எழும்புங்கோ!" என்பார் ஒருவர்.

"அவா எப்பவோ வெளிக்கிட்டிட்டா. வாகனம்தான் நித்திரையால எழும்பேல்லை" என்பார் இன்னொருவர். வாகனம் என்றது என்னை.

சங்கத் தலைவர் நல்லவர். தங்கை கொஞ்சக் காலம் ஓய்வெடுக்கலாமே என்று இரண்டு தரம் அன்பாகச் சொன்னார். மூன்றாவது தரம் சொன்னபோது, முகாமையாளர் கதிரையில் இருப்பதற்குத் தனது மருமகள் ஆயத்தமாக இருப்பதையும் சேர்த்துச் சொன்னார். தங்கை அவரிடம் தவணை கேட்டாள். அறுவடை முடிவதற்குள் தானே சைக்கிளில் வந்து நேரத்துக்குத் திறப்பதாகவும், இல்லையென்றால் சாவியைத் தந்துவிடுவதாகவும் சொன்னாள். அதை அவள் என்னிடம் சொன்ன விதத்தில், சாவியைக் கொடுக்கும் எண்ணம் அவளிடம் துளியும் இருக்கவில்லை.

கிளிநொச்சியில் முதலில் சைக்கிள் கடைக்குப் போனோம்.

"உப்பிடி ஒரு சாமான் இல்லை, அண்ணை" என்றார் கடைக்காரர்.

"இல்லையெண்டு தெரியும். செய்விக்கலாமோ எண்டு கேக்கிறன்."

"இல்லாத சாமானை என்னத்துக்குச் செய்விக்கிறியள்?"

அடுத்தது வெல்டிங் கடை. அவர் இரண்டு நிமிடத்தில் தீர்வு கண்டுவிட்டார். பெடலைக் கழற்றி, கிராங்கின் நடுவில் வைத்து ஒட்டிவிடலாம்.

"ஒட்டினால் பெடல் சுத்தாதே" என்றாள் தங்கை.

"பெடல் சுத்தாட்டில் என்ன, தங்கச்சி? கிராங் சுத்தும்தானே. எல்லாம் சுத்த வேணுமெண்டு என்ன சட்டமோ?"

கடைசியாகக் கண்டி வீதியோரம் ஒரு லேத் பட்டறை. பெரும்போக அறுவடைக் காலம். பட்டறை வாசலில் நெல் வெட்டு மெஷின்களின் தண்டுகள் நோயாளிகளைப் போல வரிசையாகக் கிடந்தன. முதலாளி பருத்த மனிதர், பேச்சுப் பிரியர். லேத் ஓடும்போதும் பேசுவார். கேட்காது என்று தெரிந்தும் பேசுவார்.

"எத்தினை வேணும்?"

"ஒண்டு."

"ஒண்டோ?" அவர் கையிலிருந்த அளவுகோலைக் கீழே வைத்தார். "சரி, உடைஞ்சதைக் கொண்டு வாங்கோ."

"உடையேல்லை அண்ணை. அது இன்னும் பிறக்கவேயில்லை."

"அப்ப நான் எதைப் பாத்துச் செய்யிறது?"

எங்கள் பக்கத்துப் பட்டறைகளின் வழமை இது. உடைந்த ஒன்றைக் கொண்டுபோனால் உடையாத ஒன்றைத் தருவார்கள், அதுவும் பழையதைவிடப் பாரமாக. உடைந்தது எதுவும் கைவசம் இல்லாதவன் அங்கே வாடிக்கையாளனே அல்ல. நான் அளவுகளோடு ஒரு படம் வரைந்து கொண்டுபோயிருந்தேன். அவர் அதைக் கலியாணக் கார்டைப் பார்ப்பதுபோல இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுச் சட்டைப்பையில் வைத்தார். அதோடு அதன் கதை முடிந்தது.

மறுநாள் தங்கை சங்கக்கடைச் சவர்க்காரக் கட்டி ஒன்றை எடுத்து, கத்தியால் செதுக்கி, பள்ளம் வெட்டி, ஈர்க்கால் ஓட்டையிட்டு, அந்தத் துண்டைச் சவர்க்காரத்தில் செய்து முடித்தாள். முதலாளி அதைக் கையில் வாங்கியதும் முகம் மலர்ந்தார்.

"இப்ப விளங்குது. இதை முதலே சொல்லியிருக்கலாமே."

அளவுகளை எடுத்தார். இடது பெடலின் புரி எதிர்ப்பக்கமாகச் சுற்றும் என்பதை நான் சொல்லத் தொடங்கியதும், கையை உயர்த்தி நிறுத்தினார். அது அவருக்குத் தெரிந்திருந்தது. பிறகு சாப்பாட்டு நேரம் வந்தது. பின்பக்கக் குழாயடிக்குப் போனவர் எண்ணெய்க் கையை நன்றாகக் கழுவிக்கொண்டு வந்தார். மாதிரி சற்று மெலிந்து திரும்பியிருந்தது.

"மன்னியுங்கோ தங்கச்சி, கை தன்ரபாட்டில போயிட்டுது. அளவு எடுத்தாச்சு, பயப்பிடாதேங்கோ." பிறகு அவளுடைய காலைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "எங்கை காயப்பட்டனீங்கள்?"

"பரந்தனில. பஸ்ஸில."

"பஸ்ஸுக்கு அடிச்சவங்களோ?"

"இல்லை அண்ணை. பஸ்ஸை எடுத்தவங்கள். நான் இறங்க முதல்."

"எந்த வருஷம்?"

"போன வருஷம்."

முதலாளி தலையை மெதுவாக ஆட்டினார். அவளைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். "சில பேர் சொல்ல விரும்பமாட்டினம்" என்றார்.

தங்கைக்கு இது பழக்கம். வன்னியில் முப்பத்தைந்து வயதுக்கு மேல் ஒருவர் கெந்தி நடந்தால், அதற்குக் காரணம் யுத்தம் ஒன்றுதான் இருக்க முடியும் என்று ஊர் முடிவெடுத்துவிட்டது. உதவி வழங்க வருபவர்களின் படிவங்களிலும் பஸ்ஸுக்கு இடமில்லை. பஸ் என்று சொன்னால் ஏமாற்றமடைந்த முகத்தோடு பேனாவை மூடுவார்கள். சொல்லாவிட்டால் ஆட்டுக்குட்டி தருவார்கள். அவள் எப்போதும் பஸ் என்றே சொல்லிவந்தாள்.

"இதுக்குக் காசு வேண்டாம்" என்றார் முதலாளி.

"காசு எடுத்தால்தான் செய்யுங்கோ."

"சரி, சரி. அதைப் பிறகு கதைப்பம்."

பிறகு கதைப்பது என்றால் என்ன என்பதை ஒரு வாரம் கழித்துத் தெரிந்துகொண்டோம். அவர் தொலைபேசியில் அழைத்து, துண்டு ஆயத்தம் என்றார், சைக்கிளையும் கொண்டுவரச் சொன்னார். தங்கச்சி கட்டாயம் வர வேண்டும் என்றும், நல்ல உடுப்போடு வரட்டும் என்றும் சொன்னார்.

சைக்கிளை ஒரு லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தின் பெட்டியில் ஏற்றிக்கொண்டு போனோம். பட்டறை வாசல் கூட்டப்பட்டிருந்தது. பக்கத்து டயர்க் கடைக்காரரும் எதிர்ப்பக்கத்து அரைக்கும் ஆலைக்காரரும் சேர்ட் மாற்றிக்கொண்டு வந்து நின்றார்கள். ஒரு கதிரையில் துணி விரித்து, அதன்மேல் எவர்சில்வர் தட்டு. தட்டின் நடுவில் எங்கள் இரும்புத் துண்டு, கண்ணாடிபோல் மினுங்கிக்கொண்டு. பக்கத்தில் சோடாப் போத்தல்கள்.

"கனடாவில என்ர மச்சான்ர ஊர்ச் சங்கம் இந்தச் செலவைப் பொறுப்பெடுத்திருக்கு" என்றார் முதலாளி. "நான் விசயத்தைச் சொன்னன். அவர் அழுதிட்டார்."

தங்கை துண்டைக் கையில் எடுத்தாள். வேலை சுத்தமாக இருந்தது. முகப்பில் எழுத்துகள் குத்தியிருந்தன. தண்டுகளுக்கு இலக்கம் குத்த அவரிடம் இருந்தவை, சுத்தியலால் அடித்துப் பதிக்கும் ஆங்கில எழுத்தாணிகள் மட்டும். ஆகவே 'அன்பளிப்பு' ஆங்கிலத்தில், அதன் கீழே சங்கத்தின் பெயர் முழுதாக.

எங்கள் ஊரில் பெயர் இல்லாத பொருள் குறைவு. கிணற்றில், பஸ் தரிப்பிடத்தில், தண்ணீர்த் தாங்கியில், கோழிக்கூட்டில், எல்லாவற்றிலும் யாரோ ஒருவர் அன்பளித்ததாக எழுதியிருக்கும். அன்பளித்தவரின் பெயர் பொருள் உடைந்த பிறகும் வாசிக்கக்கூடியதாக இருக்கும். பத்திரிகையில் இருந்தபோது இப்படியான படங்களுக்குக் கீழே 'வழங்கி வைக்கப்பட்டது' என்று எழுதி எழுதி என் விரல்கள் அந்தச் சொற்களைத் தாமாகவே எழுதும். எல்லாப் படங்களும் ஒன்றுதான். கொடுப்பவர் கமராவைப் பார்ப்பார். வாங்குபவர் பொருளைப் பார்ப்பார், அது வேலை செய்யுமா என்ற கவலையில்.

தங்கையும் பொருளைத்தான் பார்த்தாள். சங்கத்தின் பெயர் நீளம், துண்டு விரலளவு. கடைசி எழுத்துகளுக்கு இடம் போதாமல், அவை பெடல் ஏறும் ஓட்டையின் விளிம்புவரை போய் முடிந்திருந்தன. அவள் பெடலை எடுத்து ஓட்டையில் வைத்துத் திருப்பினாள். அரைச் சுற்று ஏறி நின்றுவிட்டது.

"கொஞ்சம் இறுக்கம். எண்ணெய் விட்டால் போகும்" என்றார் முதலாளி.

எண்ணெய் விட்டார். போகவில்லை. ஸ்பானர் போட்டுத் திருகினார். போகவில்லை. பெரிய சுத்தியலால் ஒவ்வோர் எழுத்தாகக் குத்தியதில் உள்ளே புரி நசிந்திருந்தது. தங்கை துண்டை வெளிச்சத்தில் பிடித்தாள். கடைசி எழுத்தின் காலடியிலிருந்து ஓட்டைவரை மயிரிழை போல ஒரு வெடிப்பு.

"எழுத்துக் குத்த முதல் பெடல் ஏறினதோ, அண்ணை?"

"வடிவா ஏறினது."

"அப்ப அதை ஏன் அப்பிடியே விடேல்லை?"

"பேர் இல்லாமல் எப்பிடிக் குடுக்கிறது, தங்கச்சி?" அவர் உண்மையாகவே திகைத்துப்போய்க் கேட்டார். டயர்க் கடைக்காரரும் அது நியாயம்தானே என்பதுபோல் என்னைப் பார்த்தார்.

"வெடிப்பை ஒட்டிவிடலாம்" என்றார் ஆலைக்காரர்.

தங்கை கதிரையிலிருந்த தட்டை எடுத்து ஆலைக்காரரின் கையில் கொடுத்துவிட்டு, கதிரையில் தான் இருந்தாள். மடங்காத காலை நீட்டி வைத்துக்கொண்டாள்.

"அண்ணை, இன்னொண்டு செய்யுங்கோ. நான் இதிலயே இருக்கிறன். எழுத்து ஒண்டும் வேண்டாம். காசு நான் தருவன், நீங்கள் வாங்குவியள். தவணை முடியுது, திங்கட்கிழமை நான் நேரத்துக்குக் கடை திறக்காட்டில் கடைக் கதிரையில வேற ஆள் இருக்கும். அதுக்குப் பிறகு உங்கட மச்சான் அழுது எனக்கு ஒண்டும் ஆகாது."

"மச்சானுக்கு நான் என்ன சொல்லுறது? படம் அனுப்புறன் எண்டு சொல்லிப்போட்டன்."

"இதை அனுப்புங்கோ. பேர் வடிவா இருக்கு."

"வாங்கிற ஆள் வேணுமே!"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தங்கையும் பார்த்தாள்.

"அண்ணா, நீங்கள் போய் நில்லுங்கோ. காலைக் கொஞ்சம் சரிச்சு வையுங்கோ."

நின்றேன். காலைச் சரிக்காதது என் தொழில் தர்மம். முதலாளி வெடித்த துண்டைத் தட்டில் வைத்து இரண்டு கையாலும் நீட்டினார், நான் இரண்டு கையாலும் வாங்கினேன், டயர்க் கடைக்காரர் கைபேசியில் படம் எடுத்தார். கமராவைப் பார்ப்பதா பொருளைப் பார்ப்பதா என்று தடுமாறி இரண்டுக்கும் நடுவில் பார்த்திருக்கிறேன். படம் கனடாவுக்குப் போனது. அங்கே அந்தச் சங்கத்தின் இணையப் பக்கத்தில் நான் இன்றும் ஒரு பயனாளி.

முதலாளி வெட்டு மெஷின் தண்டு ஒன்றை லேத்திலிருந்து கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, புதிய துண்டைப் பூட்டினார். வேலை முடியும்வரை தங்கை கதிரையை விட்டு எழும்பவில்லை. சோடா மட்டும் குடித்தாள். முடிந்ததும் அவர் துண்டைத் துடைத்து, எழுத்தாணிப் பெட்டியை ஒருமுறை பார்த்தார்.

"ஒரே ஒரு எழுத்து? பின்பக்கத்தில? ஆருக்கும் தெரியாது."

"வேண்டாம் அண்ணை."

பெடல் கடைசிவரை ஏறியது. அவர் காசை வாங்கினார், முகத்தில் கவலையோடு.

தங்கை சைக்கிளை வீதியோரம் உருட்டிச் சென்று ஏறினாள். முதல் சுற்றில் இடது முழங்கால் உச்சிக்கு வந்தபோது அவள் உதட்டைக் கடிப்பதைக் கண்டேன். கால் நிற்கவில்லை, தாண்டி இறங்கியது. வலது கால் பெரிய வட்டம், இடது கால் சிறிய வட்டம். பின்னாலிருந்து பார்க்க, சைக்கிள் ஏதோ யோசித்து யோசித்துப் போவதுபோல் இருந்தது. கண்டி வீதியில் ஒரு பஸ் அவளுக்குப் பின்னால் நெருங்கி ஹோர்ன் அடித்தது. அவள் ஒதுங்கவில்லை. பஸ்தான் ஒதுங்கிப் போனது.

திங்கட்கிழமை நான் விழித்தபோது வீட்டில் சைக்கிள் இல்லை. வழியில் ஏதும் நடந்திருக்குமோ என்று மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன். சங்கக்கடைக் கதவு திறந்திருந்தது. உள்ளே அவள் தராசில் பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தாள். முன்னால் வரிசை. சங்கத் தலைவரும் வரிசையில் நின்றார், கையில் ஒரு பையோடு. அவருடைய முறை வர இன்னும் நாலு பேர் இருந்தார்கள்.

என்னைக் கண்டதும் அவள் நிமிர்ந்தாள்.

"என்ன வேணும்?" என்றாள். "வரிசையில வாங்கோ."