பேர் சொன்னால்தான் ஆட்டம்

என் சித்தப்பாவின் கல்யாணத்தைக் கெடுத்தது நான்தான். ஜாதகம் பொருந்தவில்லை என்று செந்துறையிலிருந்து பெண் வீட்டார் சொல்லியனுப்பினார்கள். வீட்டில் எல்லோரும் இன்றுவரை அதையே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். பதினோரு வயதுப் பெண்பிள்ளையின் மேல் பழி விழக்கூடாது என்று பெரியவர்கள் சேர்ந்து கட்டிக் காப்பாற்றி வரும் பொய் அது. எனக்கு அது தேவையில்லை, ஆனால் யாரும் என்னைக் கேட்டதில்லை.

சித்தப்பா பட்டாளத்தில் சமையல்காரராக இருந்தார். கிழக்கே நடந்த சண்டை முடிந்த சில மாதங்களில், ஒரு காது மந்தமாகி, பெரம்பலூரில் பஸ் இறங்கி வீட்டுக்கு நடந்து வந்தார். கையில் ஒரு டிரங்குப் பெட்டி. அதற்குள் துணிக்கு நடுவே இன்னொரு பெட்டி. யாரோ ஆபீசர் வீட்டுப் பிள்ளைகள் விளையாடி அலுத்துத் தூக்கிப்போட இருந்ததைக் கேட்டு வாங்கி வந்ததாம். உள்ளே சுண்டுவிரல் உயரத்தில் ஈயச் சிப்பாய்கள், குதிரைக்காரர்கள், இரண்டு பீரங்கிகள், மடித்து வைத்த ஒரு வரைபடம், இங்கிலீஷில் அச்சடித்த ஒரு சட்டப் புத்தகம். பெட்டி மூலையில் இரண்டு சதுரப் பள்ளங்கள் காலியாக இருந்தன. அங்கே என்ன இருந்திருக்கும் என்று எங்களுக்குக் கேட்கத் தோன்றவில்லை.

எங்கள் தெருவிலிருந்து பட்டாளத்துக்குப் போன முதல் ஆள் அவர். அதனால் இங்கிலீஷ் தெரிந்த முதல் ஆளும் அவராகத்தான் இருக்க வேண்டும் என்று தெரு தானாகவே முடிவு செய்துகொண்டது. தாலுகா ஆபீசிலிருந்து காகிதம் வந்தால் அவரிடம்தான் கொண்டுவருவார்கள். அவர் நெடுநேரம் பார்த்துவிட்டு, "நேர்ல போயி கேட்டுட்டு வந்துடுங்க, அதான் நல்லது" என்பார். அது நல்ல யோசனையாகவும் இருந்துவிடும்.

அந்தச் சட்டப் புத்தகத்தை அவர்தான் எனக்கும் அண்ணனுக்கும் படித்துச் சொன்னார். வரைபடத்தில் இருந்தது எந்த ஊரிலும் இல்லாத ஒரு தேசம். அவர் அதன் ஆற்றுக்கு வெள்ளாறு என்று பெயர் வைத்தார். கோட்டை ரஞ்சன்குடி ஆனது. ஆற்றுக்கு இந்தப் பக்கம் என் படை, அந்தப் பக்கம் அண்ணன் படை. கோலிக்குண்டைச் சுண்டி அடிக்க வேண்டும், விழுந்தவன் செத்தான். புத்தகத்தைத் திறந்து விரலை வைத்துக்கொண்டே வருவார், ஒரு சொல்லில் நிறுத்துவார்.

"பாரு, டி, ஐ, ஈ. டை. செத்துப்போனான்னு அர்த்தம். பக்கத்துக்குப் பக்கம் ஆளு சாவுறான். அதுக்குத்தான் இவ்ளோ சட்டம் போட்டிருக்கான்."

அவர் படித்துச் சொன்னதில் பெரிய சட்டம் இதுதான்: யார் அடித்து வீழ்த்தினாரோ அவர் விழுந்தவனின் பேரைச் சொல்ல வேண்டும், ஊரைச் சொல்ல வேண்டும், வீட்டில் யார் இருக்கிறார்கள் என்றும் சொல்ல வேண்டும். சொன்னால்தான் அடுத்த ஆட்டம். சொல்லத் தெரியாமல் விழித்தால் சித்தப்பாவே சொல்லிவிடுவார், நம் முறை போய்விடும்.

அண்ணன் நிதானமாக யோசித்துச் சொல்லுவான். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. அடிக்கிற கையில் இருக்கும் வேகம் வாயில் வராது. குறி தப்பாமல் அடித்து அடித்து, பேர் சொல்லத் தெரியாமல் தோற்றுக்கொண்டே இருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணனிடம் இரண்டே பேர் மிச்சம். ஒரு குதிரைக்காரனை வீழ்த்திவிட்டு, "முருகன், பெரம்பலூரு, அம்மா" என்று ஒப்பித்தேன்.

"முருகனுக்கு நேத்தே சொல்லிட்ட. இவன் வேற ஆளு" என்றார் சித்தப்பா.

பிறகு வழக்கம்போல உப்புச்சப்பில்லாத குரலில் அவரே சொன்னார். "காளிமுத்து. மணப்பாறை பக்கம். தங்கச்சி ஒண்ணு. அம்மாவுக்குக் கண்ணு தெரியாது." என் முறை போனது. அண்ணன் சுண்டிய குண்டில் என் தளபதி கவிழ்ந்தான்.

"பொய்ப் பேரு, பொய் ஊரு! இதெல்லாம் புத்தகத்துல இல்ல!" என்று கத்தினேன். "இருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் சிப்பாய்களை ஒவ்வொன்றாகத் துடைத்துப் பெட்டியில் படுக்கவைத்தார்.

மறுநாள் அந்தப் புத்தகத்தைப் பைக்கட்டுக்குள் ஒளித்துப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனேன். இங்கிலீஷ் சாரிடம் நீட்டி, இதில் பேர் சொல்லச் சொல்லிச் சட்டம் இருக்கிறதா என்று கேட்டேன். அவர் இரண்டு பக்கம் படித்ததும் விஷயம் என்னவென்று விசாரித்தார். எல்லாவற்றையும் சொன்னேன். அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"டைன்னா இங்க தாயக்கட்டைம்மா. உருட்டுற கட்டை. ஆளுக்கொரு கட்டை உருட்டுன்னு போட்டிருக்கான். உங்க சித்தப்பா அத்தனையையும் பொணமாக்கிட்டாரா?" என்றவர் வகுப்பைப் பார்த்துத் திரும்பி, "இவங்க தெருவுல இங்கிலீஷ் எப்படிப் படிக்கிறாங்க பாருங்கடா" என்றார். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். எல்லோரையும்விட உரக்கச் சிரித்தேன் என்பதை இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

அந்த வாரமே செந்துறையிலிருந்து மாப்பிள்ளை வீடு பார்க்க வந்தார்கள். பெண்ணின் அப்பாவுக்குச் சித்தப்பாவைப் பிடித்துவிட்டது. காபி குடித்துக்கொண்டே, "மாப்ள இங்கிலீஷ்லாம் நல்லா படிப்பாராமே, ஆபீஸ் வேலை எதுனா கெடைக்குமுங்களே" என்றார். அம்மா பெருமை தாங்காமல் உள்ளே போய் அந்தச் சட்டப் புத்தகத்தையே எடுத்துவந்து காட்டினாள். "புள்ளைங்களுக்கு வூட்லயே படிச்சுச் சொல்றாருங்க."

நான் கதவோரம் நின்றிருந்தேன். தோற்ற ஆட்டமெல்லாம் நினைவுக்கு வந்தது.

"அது தப்புங்க. டைன்னா தாயக்கட்டை. சித்தப்பா செத்துப்போனான்னு படிச்சுட்டாரு. எங்க சாரு சொன்னாரு. சித்தப்பாவுக்கு இங்கிலீஷ் தெரியாது."

பெண்ணின் அண்ணன் குபீரென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டான். என் அப்பா என்னை அடிக்க எழுந்தார். சித்தப்பா அவர் கையைப் பிடித்து உட்காரவைத்தார்.

"புள்ள சரியாத்தான் சொல்லுது. எனக்கு இங்கிலீஷ் தெரியாதுங்க. அந்த ஒரு வார்த்தைதான் தெரியும்."

அந்தப் பதிலைக் கேட்டு எனக்கு உண்டானது வெற்றி. அதற்கு வேறு பேர் கிடையாது. அந்த ஒரு வார்த்தை மட்டும் அவருக்கு எப்படித் தெரியும் என்று நானும் கேட்கவில்லை, அங்கிருந்த யாரும் கேட்கவில்லை.

பிறகு தெருவில் யாரும் அவரிடம் காகிதம் கொண்டுவரவில்லை. சித்தப்பா அரியலூர் பஸ் ஏறிப் போய் அங்கே சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் லோடு ஏற்றும் வேலையில் சேர்ந்தார். போகும்போது பெட்டியை என்னிடம் கொடுத்து, "இனிமே கட்டை வாங்கி சரியா வெளையாடுங்க" என்றார். திட்டியிருந்தால் நானும் அழுது தீர்த்திருப்பேன். அவர் திட்டவில்லை.

கட்டை வாங்கி விளையாடினோம். புத்தகத்துச் சட்டம் நல்ல சட்டம்தான். ஒரு மணி நேரத்தில் ஆட்டம் முடியும், சண்டை வராது, நடுவர் வேண்டாம், விழுந்தவனை எடுத்துப் பெட்டியில் போட்டுவிட்டு அடுத்ததைப் பார்க்கலாம். சித்தப்பாவின் சட்டத்தில் ஓட்டைகள் ஏராளம், ஒரு ஆட்டம் முடிய நாள் முழுக்க ஆகும். ஆனாலும் புத்தகத்துச் சட்டத்தில் நாங்கள் பத்து நாளுக்கு மேல் விளையாடவில்லை. ஏன் அலுத்தது என்று அப்போது தெரியவில்லை.

பின்னாளில் நானே இங்கிலீஷ் படித்துப் பட்டம் வாங்கினேன். அண்ணன் பட்டாளத்து ஆள் ஒருவரோடு பழகி, சித்தப்பா சமையலை விட்டு எந்த வேலைக்கு மாற்றப்பட்டார் என்பதை விசாரித்துவந்து சொன்னான். சண்டை நடந்த நாட்களில் செத்தவர்களின் சாமான்களைப் பிரித்துக் கட்டி, பேர், ஊர், வீட்டில் யார் என்று ஆபீசருக்கு எடுத்துச் சொல்லும் வேலை. தமிழ்ப் பையன்களைப் பற்றித் தெரிந்தவர் அங்கே அவர்தான். ஆபீசர் அதை வைத்துக்கொண்டு இங்கிலீஷில் கடிதம் எழுதுவார். ஒவ்வொரு கடிதத்திலும் அந்த ஒரு வார்த்தை இருந்திருக்கும்.

காளிமுத்துவுக்கு ஒவ்வொரு தடவையும் அதே மணப்பாறைதான், அதே கண் தெரியாத அம்மாதான். ஒரு நாளும் பேரும் ஊரும் மாறி வந்ததில்லை. பொய் சொல்பவருக்கு அத்தனை ஞாபகம் இருக்காது. குறி பார்ப்பதிலேயே குறியாக இருந்த எனக்கு அது தெரியவில்லை.

சித்தப்பா கடைசிவரை கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அரியலூர் ஆஸ்பத்திரியில் அவர் இறந்தபோது நான்தான் போனேன். அங்கிருந்த கிளார்க் பாரத்தை இழுத்து வைத்துக்கொண்டு பேர் கேட்டார், சொன்னேன். ஊர் கேட்டார், சொன்னேன். வீட்டில் யார் என்பதை அவர் இரண்டு தடவை கேட்க வேண்டியிருந்தது.