பளிங்கு இருக்கையில் இரண்டு பெண்கள்

இன்றைக்கு ஓவியம் பார்த்துவிட்டு வந்தேன். நான்!

(உண்மையைச் சொன்னால் ரொய்லெட் தேடித்தான் அந்த ஓவியக் கலரிக்குள் போனேன். சிட்டியில் காசில்லாமல் போகக்கூடிய துப்புரவான இடம் அதுதான் என்று ரெஜினா எப்போதோ சொல்லி வைத்திருந்தாள்.)

எங்கள் மாதா கோயில் குழுவில் இருக்கிற உங்களில் பலருக்கு ரெஜினாவைத் தெரியும். வென்ட்வேர்த்வில் ஸ்டேஷனுக்குப் பக்கத்து அடுக்குமாடி யூனிட்டில் இருபத்திரண்டு வருடம் என்னோடு இருந்தவள். போன மாதம் போய்விட்டாள்.

அவளுடைய மரணச் சான்றிதழ்க் கடுதாசியை வங்கியில் கொடுக்கத்தான் சிட்டிக்குப் போனேன். ரெயினில் இருக்கும்போது அவளுடைய தம்பி அன்ரன் மெல்பேர்னிலிருந்து வாட்ஸ்அப் அனுப்பினான். முப்பத்தோராம் நாள் பூசைக்குக் கோயிலில் கொடுக்கிற நினைவு அட்டை. பிழை இருந்தால் சொல்லச் சொன்னான், பின்னேரம் பிரிண்டுக்குப் போகிறதாம்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். (இதையும் போனில் வாயால் சொல்லித்தான் உங்களுக்கு எழுத வைக்கிறேன்.)

இன்னாரின் அன்பு மகளும், இன்னாரின் பாசமிகு அக்காவும், இன்னாரின் மச்சாளும், பெரியம்மாவும், மாமியும்... எல்லாரும் முடிந்து கடைசி வரியில், பவளத்தின் உடன்பிறவாச் சகோதரியும் ஆவார்.

பவளம் நான்தான்.

பிழை ஒன்றும் இல்லை என்று எழுதப் பார்த்தேன். விரல் போகவில்லை. போனைப் பைக்குள் வைத்துவிட்டேன்.

கலரியில் வெளியே வரும் வழி தெரியாமல் ஒரு பெரிய அறைக்குள் போய்விட்டேன். சுவர் நிறையப் பொன் சட்டம் போட்ட படங்கள். ஒன்றுக்கு முன்னால் கால் நின்றுவிட்டது.

வெள்ளைப் பளிங்கில் ஒரு இருக்கை. பின்னால் கடல். அலை இல்லை, நீலம் மட்டும். அலரிப் பூ உதிர்ந்து கிடக்கிறது. இரண்டு பெண்கள். ஒருத்திக்கு மஞ்சள் துணி, மற்றவளுக்குப் பச்சை. மஞ்சள்காரி பச்சைக்காரியின் தோளில் தலையை வைத்துக் கண்ணை மூடியிருக்கிறாள். பச்சைக்காரி அசையாமல் இருக்கிறாள். அசைந்தால் மற்றவள் எழும்பிவிடுவாள் என்று இருக்கிறாள்.

எனக்கு அந்த இருப்புத் தெரியும்.

ஃபக்டரியில் காலை வேலை முடிந்து மூன்று மணி ரெயினில் வருவோம். ரெஜினா ஏறின உடனே என் தோளில் தூங்கிவிடுவாள். வென்ட்வேர்த்வில் வரும், கதவு திறக்கும், மூடும். நான் எழுப்ப மாட்டேன். பெண்டில் ஹில், டூங்காபி, செவன் ஹில்ஸ் எல்லாம் வெயிலோடு வந்து போகும். பிளாக்டவுனில் கண்ணை முழித்து என்னை ஏசுவாள். திரும்பி வருவோம். நானும் தூங்கிவிட்டேன் என்றுதான் ஒவ்வொரு முறையும் சொன்னேன்.

எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. அந்தப் படத்துக்குள் பின்னேரம் முடியவே இல்லை.

வாய்விட்டு ஏதோ சொல்லியிருக்கிறேன் போல. அறைக் காவலுக்கு நின்ற பெண் கிட்ட வந்தாள்.

"தமிழாக்கா நீங்க?"

மதுரைப் பக்கமாம், பெயர் மீனா. நாற்பது வயதிருக்கும். தமிழ் கேட்டு நாளாகிறது என்று சந்தோஷப்பட்டாள்.

நான் படத்தைக் காட்டிக் கேட்டேன். "ஆர், பிள்ளை, இவை இரண்டு பேரும்? அக்கா தங்கச்சியோ?"

"எல்லாரும் அதான் கேப்பாங்க. இல்லக்கா, இவங்க ஒருத்தர ஒருத்தர் காதலிச்சவங்க. அப்படித்தான் டூர் கூட்டிட்டு வர்றவங்க சொல்வாங்க."

வரைந்தது விக்டோரியா மகாராணி காலத்து இங்கிலாந்துக்காரராம். தன் ஊர்ப் பெண்கள் இருவரை, தன் ஊர் வீட்டில் இப்படி இருத்தி வரைந்திருந்தால் பெரிய சண்டை வந்திருக்குமாம். அதனால் பழைய கிரேக்கத்து உடுப்பைப் போட்டு, பளிங்கில் இருத்தி, இது இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தின கதை என்று சொல்லிவிட்டாராம். பெரிய மனிதர்கள் வாங்கித் தங்கள் வீட்டு விறாந்தையில் மாட்டி ரசித்தார்களாம்.

"நம்ம ஊரு இல்ல, நம்ம காலம் இல்லன்னு சொல்லிட்டா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்கல்ல" என்றாள் மீனா.

அறையின் நடுவில் போட்டிருந்த மர வாங்கில் போய் உட்கார்ந்தேன்.

ஊர் எங்களிடம் கேட்ட கேள்வியை நானே போய் அந்த இரண்டு பேரிடமும் கேட்டிருக்கிறேனே! (என் வாயை என்ன செய்வது.)

முதன்முதல் யூனிட் வாடகைக்கு எடுக்கும்போது ஏஜென்ட் கேட்டான், நீங்கள் இருவரும் யார் என்று. ரெஜினா "சிஸ்டர்ஸ்" என்றாள். நான் தலையாட்டினேன். பிறகு கடையில், கோயிலில், வேலையில் எல்லா இடமும் அதுதான். அந்தச் சொல்லும் ஒரு நல்ல உடுப்புத்தான், குளிர் தெரியாமல் இருந்தோம். ஆனால் அவளைப் பெட்டியில் வைத்து மூடின பிறகும் நான் ஏன் அதைக் கழற்றாமல் இருக்கிறேன்?

வெளியே படியில் நின்று அன்ரனுக்குப் போன் அடித்தேன்.

"அன்ரன், அந்தக் கடைசி வரியில பிழை இருக்கு."

"உங்கட பேரோ அக்கா?"

"பேர் சரி. சகோதரி எண்டதை எடு. துணைவி எண்டு போடு."

அவன் வீட்டுக் குசினியில் யாரோ பைப்பைத் திறந்து மூடினது மட்டும் கேட்டது. போனை வைத்துவிடுவான் என்று நினைத்தேன். இருந்த ஒரு சொந்தத்தையும் வாயால் கெடுத்துக்கொண்டேன் என்று நினைத்தேன்.

"அப்பிடியெண்டா அது கடைசி வரியில வராது அக்கா" என்றான்.

எனக்கு விளங்கவில்லை.

"அம்மா அப்பான்ர பேருக்குப் பிறகு வரும். எங்களுக்கெல்லாம் முன்னால. பொறுங்கோ, மாத்தி அனுப்புறன்."

நான் போனை வைத்துவிட்டு ஸ்டேஷனுக்கு நடந்தேன்.

திரும்பி வரும் ரெயின் பரமட்டா தாண்டும்போது புது அட்டை வந்தது. இரண்டாவது வரி. நான்கு தரம் எழுத்துக் கூட்டி வாசித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் பூசை. எல்லாரும் வாருங்கள்.

செத்தவீட்டில் நீங்கள் வரிசையாக வந்து அன்ரனின் கையைப் பிடித்தீர்கள். நான் பின்னால் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நின்றேன்.

இந்த முறை என் கையையும் பிடியுங்கள்.