படத்தை மறைத்தால் படிப்பாளா?

போட்டோ கடை வைத்திருப்பவர்களுக்குத் தெரியும்: படம் மங்கலாக வந்தால்கூட மன்னிப்பார்கள், தங்கள் முகம் வராவிட்டால் மன்னிக்கமாட்டார்கள்.

பிரிக்பீல்ட்ஸில் என் கடை. பாஸ்போர்ட் படத்தோடு, பிள்ளைகள் படிக்கப் பழகும் புத்தகமும் செய்து தருகிறேன். அவர்கள் வீட்டுப் படங்களையே போட்டு, கீழே ஒரு வரி: 'அம்மா தோசை சுடுகிறார்.' நானே பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள். ஒவ்வொரு வரியிலும் பிழை வந்துவிடுமோ என்று பயம். வீட்டில் ஒரு பிள்ளையைப் படிக்க வைக்கப் போராடுகிறவர்களுக்கு இது புரியும்.

பன்னிரண்டு பக்கம்

பூச்சோங்கிலிருந்து சியாமளா வந்தாள். மகள் யாழினிக்கு ஜனவரியில் முதலாம் ஆண்டு. எழுத்துகளைத் தனித்தனியாகச் சொல்வாள். சேர்த்துப் படிக்க வராது. "இப்படியே போனா வகுப்புல கேலி பண்ணுவாங்கக்கா" என்று சொல்லும்போதே சியாமளாவுக்குக் கண் கலங்கியது.

பக்கத்துக்கு ஒருவர், பன்னிரண்டு பக்கம் போதும் என்றேன். அன்று மாலைக்குள் வாட்ஸ்அப்பில் சித்தப்பா, பெரியம்மா, சித்தப்பாவின் புது கார் எல்லாம் வந்து குவிந்தன. பொறுக்கி எடுத்துச் செய்து கொடுத்தேன். மறுநாளே சுபாங் ஜெயாவிலிருந்து யாழினியின் அத்தை போன்: "ஏம்மா, அந்த வீட்டுப் பூனைக்கு ஒரு பக்கம் இருக்கு, எனக்கு இல்லையா?"

கடகடவென்று

ஒரு வாரம் கழித்து யாழினி கடை நடுவில் நின்று பன்னிரண்டு பக்கத்தையும் நிறுத்தாமல் படித்தாள். பாஸ்போர்ட் படத்துக்குக் காத்திருந்தவர்கள் கைதட்டினார்கள். எனக்குத்தான் நிம்மதியாகச் சந்தோஷப்பட வராதே. பூனைப் படத்தைக் கையால் மறைத்தேன். பிள்ளையின் வாய் மூடிக்கொண்டது.

அவள் படித்தது எழுத்தை இல்லை, முகங்களை. சியாமளா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். யாழினி மட்டும் அலட்டிக்கொள்ளவில்லை: "ஆன்டி, கைய எடுங்க, பூனைக்கு மூச்சு முட்டும்."

அப்பாவின் பக்கம்

இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. பிறகு புத்தகத்தை வேறு மாதிரி செய்தேன். வரி மட்டும் முதலில். பக்கத்தைத் திருப்பினால்தான் படம். பழைய வரிகளை ஒப்பித்துவிடுவாளே என்று, வீட்டாரையே புது வரிகள் எழுதி அனுப்பச் சொன்னேன். லோரி ஓட்டும் அப்பாவும் தன் பக்கத்துக்கு ஒன்று அனுப்பினார்.

டிசம்பரில் மூவரும் வந்தார்கள். யாழினி விரலை வைத்துக் கூட்டினாள். "அப்... பா... தின... மும்... பாத்... திரம்... கழு... வுவார்." பக்கத்தை இன்னும் திருப்பவில்லை. மறுபடி ஒரு தடவை படித்தாள். நிமிர்ந்து அப்பாவை முறைத்தாள். சியாமளா அழுதுகொண்டே சிரித்தாள், அப்பா தலையைச் சொறிந்தார், மகள் விடவில்லை: "இது பொய் லா! தினமும் கழுவுறது அம்மாதானே!"

ஒரு பிள்ளைக்குப் படிக்க வந்துவிட்டால் அந்த வீட்டில் ஒரு பெரியவருக்கு வேலை வந்துவிடும் என்பதுதான் இந்தத் தொழிலில் நான் கண்டது.