தீவு நாவலும் என் மகளின் பற்களும்

யாரும் கேட்காத பேப்பர்

திருவொற்றியூரில் ஒரு கலைக் கல்லூரியில் கெஸ்ட் லெக்சரராகச் சேர்ந்த முதல் நாள், ஆங்கிலத் துறைத்தலைவர் ஜெயந்தி மேடம் டைம்டேபிளை என் பக்கம் திருப்பி வைத்தார். "செகண்ட் இயருக்கு நாவல் பேப்பர் நீங்க எடுத்துக்கங்கம்மா. நல்ல நாவல்." அறையில் இருந்த மற்ற ஆசிரியர்கள் அந்த நிமிடமே விடைத்தாள் திருத்துவதில் மும்முரமானார்கள். அதன் பொருள் எனக்குப் பிறகுதான் விளங்கியது. அந்த பேப்பரில் பாதி வகுப்பு தேறாது.

நாவல் புகழ்பெற்றது. ஆங்கிலம் படித்தவர்கள் பெயரைச் சொல்லாமலே கண்டுபிடித்துவிடுவார்கள். பெரியவர் ஒருவர்கூட இல்லாத தீவில் பள்ளிக்கூடப் பையன்கள் மாட்டிக்கொள்கிறார்கள். முதலில் கூட்டம் போட்டுத் தலைவனைத் தேர்ந்தெடுத்து விதிகள் வகுக்கிறார்கள். பிறகு முகத்தில் சாயம் பூசிக்கொண்டு பன்றி வேட்டைக்குப் போகிறார்கள். முடிவில் ஒருவரையொருவர் வேட்டையாடுகிறார்கள். மேற்பார்வைக்கு ஆள் இல்லாவிட்டால் மனிதனிடமிருந்து நாகரிகம் எவ்வளவு விரைவில் கழன்று விழும் என்பதுதான் கதையின் சாரம்.

எனக்கு எதையும் பாதியில் விடத் தெரியாது. ஒரு வாரம் உட்கார்ந்து நோட்ஸ் எடுத்தேன். 'பிறவியிலேயே மனிதனுக்குள் இருக்கும் தீமை' என்ற தலைப்பை எழுதி இரண்டு கோடு போட்டபோதுதான் பிளே ஸ்கூலிலிருந்து பிரமிளா மிஸ் கூப்பிட்டார்.

"இனியா அம்மாங்களா? பாப்பா இன்னைக்கும் ஒரு பையனைக் கடிச்சிட்டா."

இனியா என் மகள். மூன்று வயது. அந்த மாதத்தில் அவள் கடித்த பிள்ளைகளில் அவளைவிட உயரமானவர்களும் இருந்தார்கள். நான் நோட்ஸைப் பார்த்தேன். பிறவியிலேயே என்ற சொல்லுக்குக் கீழே இன்னொரு கோடு போடலாமா என்று யோசித்தேன். பிறகு போடவில்லை. பிறகு போட்டேன்.

பன்றியா, மீனா?

முதல் வகுப்பில் கதைச்சுருக்கத்தைச் சொல்லி முடித்ததும் ஒரு கை உயர்ந்தது. ஸ்டெல்லா. காசிமேட்டுப் பெண். அவள் அப்பா விசைப்படகில் போகிறவர்.

"மேடம், அது தீவுதான? சுத்தியும் கடல்தான?"

"ஆமாம்மா."

"அப்புறம் ஏன் மேடம் மீன வுட்டுட்டு பன்னி பின்னாடி ஓடினு கீறானுங்க?"

வகுப்பு சிரித்தது. என் நோட்ஸில் இதற்குப் பதில் இல்லை. வேட்டை என்பது ஒரு குறியீடு என்றேன். கடைசி பெஞ்சில் இருந்த தினேஷ், "குறியீட்ட கொழம்பு வெக்க முடியாதே மேடம்" என்றான். தினேஷ் வியாசர்பாடிக்காரன். குரல் மட்டும் கடற்கரை வரை கேட்கும். அவன் பேசினால் பின்பாதி வகுப்பு அவன் பக்கம், ஸ்டெல்லா பேசினால் முன்பாதி அவள் பக்கம்.

"நீ இன்னா பண்ணியிருப்ப, தினேஷு?" என்று ஸ்டெல்லா திரும்பிக் கேட்டாள்.

"நானா? நான்தான் தலைவரு. சோறு யாருக்குன்னு நான் முடிவு பண்ணுவேன்."

"த்தோ, வந்துட்டாரு தலைவரு. நீ ஹால்டிக்கெட் எடுக்கவே அப்பாவ இட்டுனு வந்தவன்."

அன்று பாடம் அத்தோடு முடிந்தது. வீட்டுக்குப் போகும்போது, வகுப்பைக் கட்டுப்படுத்தத் தெரியாத ஆசிரியை என்று என்னை நானே திட்டிக்கொண்டேன். பேருந்து தேரடி தாண்டிய பிறகுதான் வேறொன்று உறைத்தது. நாவலைப் படிக்காமலேயே அத்தனை பேரும் அதைப் பற்றிச் சண்டை போட்டிருந்தார்கள்.

ஒரு மணி நேரம் தீவு

சண்டை போடுகிற வகுப்புக்குச் சண்டையையே பாடமாக வைக்கலாம் என்று தோன்றியது. ஜெயந்தி மேடத்திடம் அனுமதி கேட்டேன். மதிய உணவுக்கு முந்தைய வகுப்பில், "இந்த அறைதான் தீவு. அறைக்குள் இருப்பது மட்டும்தான் உங்களுக்கு. எப்படி வாழ்வீர்கள் என்று நீங்களே முடிவு செய்யுங்கள்" என்று பலகையில் எழுதிவிட்டு நான் வாசலில் உட்கார்ந்திருப்பதாகத் திட்டம்.

அன்று பலகையில் எழுதி முடித்ததும் கைபேசி அதிர்ந்தது. பிரமிளா மிஸ்.

"இந்தத் தடவை கன்னத்துலங்க. அந்தக் குழந்தையோட அப்பா நேர்ல வந்து நிக்கறாரு. நீங்க உடனே வந்து பாப்பாவ கூட்டிட்டுப் போங்க. திங்கக்கிழமையிலிருந்து சேத்துக்கறதா வேணாமான்னு நாங்க பேசித்தான் சொல்லணும்."

இனியாவுக்கு அந்த இடம் போனால் எனக்கு இந்த வேலை போகும். கணவருக்கு எண்ணூரில் கன்டெய்னர் யார்டில் ஷிப்ட் வேலை. இரண்டு வீட்டுப் பெரியவர்களும் வெளியூரில். எங்கள் வருமானத்துக்கு ஏற்ற வேறு பிளே ஸ்கூல் அந்தப் பக்கம் கிடையாது. வேறு எங்கே சேர்த்தாலும் கடிக்கிற பிள்ளை என்ற பெயர் நமக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிடும்.

ஜெயந்தி மேடத்திடம் ஓடினேன். "போய்ட்டு வாங்கம்மா. பக்கத்து ரூம்லதான் இருக்கேன், பாத்துக்கறேன். ஆனா சத்தம் வந்தா பிரின்சிபால் வருவாரு, சொல்லிட்டேன்."

ஆட்டோ பிடித்துப் போனேன். கன்னத்தில் அரைவட்டமாகப் பல் பதிந்த குழந்தையின் அப்பாவிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர், "பரவால்லம்மா, கொயந்தைங்கதான்" என்று சொன்னது திட்டியதைவிடக் கஷ்டமாக இருந்தது. இனியாவைத் தூக்கிக்கொண்டு திரும்பும்போது நெடுஞ்சாலையில் துறைமுகத்துக்குப் போகும் டிரெய்லர்கள் வழக்கம்போல வரிசை கட்டி நின்றன. ஆட்டோ நகரவில்லை. ஏன் கடித்தாய் என்று கேட்டேன். "பிக்கெட்" என்றாள். அதற்கு மேல் விளக்கம் தரவில்லை.

சத்தம் வராத வகுப்பு

கல்லூரி மாடியில் ஏறும்போது காதைத் தீட்டிக்கொண்டேன். சத்தமே இல்லை. பிள்ளைகளிடமிருந்து சத்தம் வராவிட்டால்தான் பயப்பட வேண்டும் என்பது தாய்மார்களுக்குத் தெரியும். வறுத்த மீனின் வாசம் மட்டும் வந்தது. கதவிடுக்கில் பார்த்தேன்.

எல்லாருடைய டிபன் பாக்ஸும் என் மேஜையில் திறந்து கிடந்தன. தினேஷ் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். முகத்தில் சாக்பீஸால் இரண்டு கோடு. அவன் முன்னால் ஒரு மூடியில், இருந்ததிலேயே பெரிய வஞ்சிரத் துண்டும் இரண்டு முட்டையும். எல்லாரும் அதைப் பார்த்தபடி பேசாமல் நின்றார்கள். நாவலின் பன்னிரண்டு அத்தியாயத்தை ஒரு மணி நேரத்துக்குள் முடித்துவிட்டார்கள் என்று நினைத்தேன்.

உள்ளே போக வேண்டும் என்று எனக்குள் இருந்த ஆசிரியை சொன்னாள். போனால் பயிற்சி கெட்டுவிடும் என்று அதே ஆசிரியை சொன்னாள். இடுப்பில் இருந்த இனியா, "அம்மா, மீனு" என்றாள்.

ஸ்டெல்லாதான் பேச்சைத் தொடங்கினாள். "தினேஷு, அது எங்கம்மா வறுத்த மீனு."

"தீவுல உங்கம்மா இல்ல. தலைவரு பங்கு இது."

"தலைவரா இரு, வேணாங்கல. பங்கையும் நீயே போடு. ஆனா எங்க போட்ல எப்டியோ அப்டிப் போடு."

"எப்டி போடுவாங்களாம் உங்க போட்ல?"

"கரைக்கு வந்ததும் வூட்டுக்குக் கொழம்பு மீனு பிரிப்பாங்க. பிரிக்கறவன் கூறு கட்டி வெச்சிட்டு கைய பின்னால கட்டிக்கணும். மத்தவங்கல்லாம் அவங்கவங்களுக்குப் புடிச்ச கூற எடுப்பாங்க. மீந்த கூறுதான் பிரிச்சவனுக்கு."

தினேஷ் அந்த மீன் துண்டைப் பார்த்தான். "இது இன்னா கலீஜான சட்டம்? அப்ப மோசமானதுதான் எனக்கு வரும்."

"மோசமானதே இல்லாத மாதிரி பிரிச்சிக்கோ. யாரு வேணாங்கறா?"

பின்பாதி வகுப்பே, "கரெக்டுதான் மாமு, பிரி பிரி" என்று கத்தியது. கட்சி மாறிவிட்டது. தினேஷ் பெருமூச்சு விட்டு எழுந்து, ஜன்னலோரம் போய்ப் பாட்டில் தண்ணீரில் கையைக் கழுவினான். அதற்குப் பிறகு நான் பார்த்ததைப்போல ஒரு கவனத்தை எந்தப் பரீட்சை ஹாலிலும் பார்த்ததில்லை. முட்டையை ஸ்கேல் வைத்து வெட்டினான். வஞ்சிரத்தைப் பிய்த்துப் பிய்த்துப் பரப்பினான். உருளைக்கிழங்கை எண்ணினான். ஒரு கூறைக் குனிந்து பார்ப்பான், பக்கத்துக் கூறிலிருந்து ஒரு பருக்கையை எடுத்து அதில் போடுவான், மறுபடி குனிவான்.

"எண்ணிப் பாத்தா ஒரு கூறு சாஸ்தியா கீதே" என்றாள் ஸ்டெல்லா.

"மேடத்துக்கு. வூட்டுப் பிரச்சனையா போயிருப்பாங்க, மூஞ்சப் பாத்தியா? அது தனி."

அந்த நேரத்தில் இனியா என் இடுப்பிலிருந்து நழுவி உள்ளே ஓடினாள். நேராக மேஜை. நேராக மீன். நான் கத்திக்கொண்டே பின்னால் ஓடினேன். "யாரும் கை நீட்டாதீங்க, கடிச்சிடுவா!"

யாரும் கை நீட்டவில்லை. தினேஷ் மட்டும் குனிந்து, "தா பாப்பா, எது வேணுமோ நீயே எடு. உனக்கப்புறந்தான் நாங்க" என்றான். இனியா ஒவ்வொரு கூறாகப் பார்த்தாள். எல்லாம் ஒரே மாதிரி இருந்ததால் குழம்பிப்போய் அவன் முகத்தைப் பார்த்தாள். கடைசியில் ஒன்றை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். யாரையும் கடிக்கவில்லை. அவசரப்படக்கூட இல்லை.

எல்லாரும் எடுத்த பிறகு மீந்த கூறைத் தினேஷ் வாயருகே கொண்டுபோனபோது பிரின்சிபால் வாசலில் நின்றார். வெள்ளைச் சட்டை, வெள்ளைப் பேன்ட். நாவலின் கடைசிப் பக்கத்தில் தீவுக்கு வந்து சேரும் அந்த அதிகாரியைப் போலவே இருந்தார்.

"என்ன நடக்குது இங்க?"

தினேஷ் சாக்பீஸ் கோட்டோடு எழுந்து நின்று, "சிவிலைசேஷன் சார்" என்றான்.

பிரின்சிபால் பலகையைப் படித்தார். கூறுகளைப் பார்த்தார். தரையில் உட்கார்ந்து சாப்பிடும் என் மகளைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார். "எனக்குப் பங்கு உண்டா?"

"முடிஞ்சிபோச்சு சார். வேணும்னா என்னுதுல பாதி" என்று தினேஷ் வேறு வழியில்லாமல் நீட்டினான். அவர் ஓர் உருளைக்கிழங்குத் துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். "உப்பு கம்மி" என்றார். என்னிடம் திரும்பி, "அடுத்த தடவ கேன்டீன்ல வெச்சுக்குங்கம்மா, எறும்பு வரும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அது பாராட்டா கண்டிப்பா என்று சனி, ஞாயிறு முழுவதும் யோசித்தேன்.

பிஸ்கட் தட்டு

இனியாவின் "பிக்கெட்"டும் சேர்ந்தே மண்டையில் ஓடிக்கொண்டிருந்தது. திங்கட்கிழமை பிரமிளா மிஸ் முன்னால் உட்கார்ந்து, மன்னிப்புக் கேட்பதற்குப் பதிலாக ஒரு கேள்வி கேட்டேன். "எந்த நேரத்துல மிஸ் கடிக்கறா?"

"எப்பவும் ஸ்னாக்ஸ் நேரத்துலதாங்க."

"ஸ்னாக்ஸ் எப்படிக் குடுக்கறீங்க?"

"ஆயாம்மா தட்டை நடுவுல வெச்சிடுவாங்க. பசங்களே எடுத்துப்பாங்க."

அதாவது முந்துகிறவனுக்குக் கிரீம் பிஸ்கட், பிந்துகிறவளுக்கு உடைசல். என் மகளுக்கு நீளமான கால் இல்லை. பல் இருந்தது.

"ஒரு வாரம் மட்டும் தட்டை அவ கையில குடுங்க மிஸ். எல்லாரும் எடுத்த அப்புறம் மீந்தத அவ எடுத்துக்கட்டும்."

"கடிக்கிற குழந்த கையிலயா பிஸ்கட் தட்டு?" பிரமிளா மிஸ் என்னை விசித்திரமாகப் பார்த்தார். நானும் பாதி நம்பிக்கையோடுதான் சொன்னேன். தவறினால் அன்றே ராஜினாமா எழுத வேண்டியிருக்கும். "சரி, ஒரே வாரம். இன்னொரு கடி, அவ்ளோதான்" என்றார்.

வெள்ளிக்கிழமை அழைப்பு வந்தது. ஸ்டாஃப் ரூமில் எழுந்து நின்றபடி எடுத்தேன்.

"கடிக்கலைங்க. ஒருத்தரையும் கடிக்கல. தட்ட தூக்கிக்கிட்டு டீச்சர் மாதிரி சுத்தறா. பாப்பா இங்கயே இருக்கட்டும். ஆனா..."

"ஆனா?"

"தர்றதுக்கு முன்னாடி ஒவ்வொரு பிஸ்கட்டையும் நக்கிப் பாக்கறா. அதை மட்டும் வீட்ல சொல்லிக் குடுங்க."

புதிதாக இந்த பேப்பர் எடுக்கப்போகிறவர்களுக்கு நான் கற்றுக்கொண்டது இது. மனித இயல்பு நல்லதா கெட்டதா என்று நோட்ஸில் முடிவெழுதிவிட்டு வகுப்புக்குப் போகாதீர்கள். சோறு எப்படிப் பிரிக்கப்படுகிறது என்று முதலில் கேளுங்கள். அந்தப் பருவத்தில் வகுப்பில் பெரும்பாலோர் தேறினார்கள். தீவுப் பையன்கள் ஏன் மிருகமானார்கள் என்ற கேள்விக்குத் தினேஷ், வேட்டைக்காரனைக் கடைசியாக எடுக்க வைக்கவில்லை என்று ஒரே வரியில், இரண்டு இலக்கணப் பிழையோடு ஆங்கிலத்தில் எழுதியிருந்தான். மதிப்பெண்ணைக் குறைத்தேன், கூட்டினேன், மறுபடி குறைத்தேன். கடைசியில் முழுதாகப் போட்டேன்.

இத்துடன் முடித்திருந்தால் என் மனம் அமைதியாக இருந்திருக்கும். பிரமிளா மிஸ் அழைத்த வெள்ளிக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை கணவர் ஷிப்ட் முடிந்து வரும்போது ஒரு பெரிய முறுக்கு வாங்கி வந்தார். "நான் பங்கு போடறேன்" என்று இனியா அதை வாங்கி மூன்றாக உடைத்தாள். ஒரு சின்னத் துண்டை எடுத்து அப்பா கையில் வைத்தாள். இன்னொரு சின்னத் துண்டை என் கையில் வைத்தாள். பிறகு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, தட்டில் தனியாக மீந்திருந்த பெரிய துண்டைப் பார்த்தாள்.

"நான்தான் கடைசி" என்றாள்.